சோற்றை நிறுத்திய விடுமுறை

இங்கே சோறு தட்டின் ஓரத்தில் விழுகிறது. வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. வட ஜெர்மனியில், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் இந்தச் சிறிய ஊரில், வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கேன்டீன் இருக்கிறது. பரிமாறும் பெண்மணி முதலில் இறைச்சியைத் தட்டின் நடுவில் வைப்பார். அதன்மேல் ஒரு சாறு ஊற்றுவார். பக்கத்தில் வெந்த காய். கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில், ஐஸ்கிரீம் எடுக்கிற மாதிரி ஒரு கரண்டியால் ஒரே ஓர் உருண்டை சோறு. அதற்கு இங்கே ‘பைலாகெ’ என்று பெயர், அதாவது தொட்டுக்கொள்ள வைப்பது. நாம் எதைச் சாப்பிடுவதற்காகக் குழம்பும் கூட்டும் வைக்கிறோமோ, அது இங்கே தொடுகறி. வந்த புதிதில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “மேர் ரைஸ், பிட்டெ” என்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். எதோடு என்று அவர் கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. சோற்றோடுதான் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, இறைச்சி கேட்க வெட்கப்படுகிறான் போல என்று நினைத்தாரோ என்னவோ, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு இறைச்சித் துண்டை வைத்து அனுப்பினார். இரண்டு துண்டையும் தின்றேன். சாப்பிடாதவன் மாதிரியே எழுந்து போனேன்.

மத்தியானம் விழுந்த அந்தக் குழியைச் சாயங்காலம் அறைக்கு வந்து நிரப்பினேன். குக்கர் நிறையச் சோறு வைப்பேன். பருப்பு, ஊறுகாய், ஒரு முட்டை. போனில் ஊர்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, குக்கர் காலியாகிற வரைக்கும் சாப்பிடுவேன். அது பசியா, தனிமையா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் பேன்ட் மாறியது. ஒரு வருடத்தில் முகம் மாறியது. அனுப்பிய போட்டோவைப் பார்த்து அம்மா தெருவெல்லாம் காட்டினாள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

என் வேலை காற்றாலை பராமரிப்பு. எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்பார்கள். டிப்ளமோ முடித்ததும் சுரண்டைப் பக்கம் காத்தாடிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். பிறகு திருநெல்வேலியில் ஜெர்மன் படித்து இங்கே வந்தேன். உடம்பில் பெல்ட் பூட்டி, கருவிப்பையைத் தொங்கவிட்டு, கோபுரத்துக்குள் இருக்கிற ஏணியில் ஏற வேண்டும். இந்த வருட உடல்பரிசோதனையில் மருத்துவர் என்னை எடைமேடையில் நிற்கச் சொன்னார். எண்ணைப் பார்த்தார், என் பையையும் பெல்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார். “ஏணியும் கயிறும் இவ்வளவு பாரத்துக்குத்தான் சோதிக்கப்பட்டவை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இது என் விருப்பம் இல்லை” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். ஏறுவதற்கான அனுமதி அட்டையில் கையெழுத்து விழவில்லை. மறுநாளிலிருந்து நான் கிடங்கில் போல்ட்டுப் பெட்டிகளை அடுக்குகிறவன்.

இந்த நாட்டில் நான் இருப்பதற்கான அனுமதியே ஏணியில் ஏறுகிறவன் என்ற வேலைக்காகக் கொடுத்தது. குளிர்காலம் வரைக்கும் கிடங்கில் வைத்துப் பார்க்கிறோம் என்றார் மேலாளர். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்தார். மருத்துவரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டபோது ‘கோலன்ஹைட்ராட்டெ’ குறையுங்கள் என்றார், அதுதான் மாவுச்சத்து. கூட வேலை செய்யும் யென்ஸ், தான் ரொட்டியையும் நூடுல்ஸையும் ஒரேயடியாக விட்டு ஒரு வசந்தகாலத்திலேயே இளைத்த கதையைச் சொன்னான். மருத்துவர் குறை என்றார், யென்ஸ் விடு என்றான். பயந்தவனுக்குப் பெரிய வைத்தியத்தில்தான் நம்பிக்கை வரும். சோற்றை நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டு, சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, சாரல் காலத்தில் ஊருக்கு வந்து இறங்கினேன்.

சோற்றை நிறுத்துவது எனக்கு என்னவென்று சொல்ல, சோறு எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஊருக்கெல்லாம் நெல் அறுத்துவிட்டு வருகிற வீட்டில் சோறு பொங்குவது ராத்திரி ஒரு வேளைதான். அதிலும் அம்மா கடைசியில் சட்டியை வழித்துக்கொள்வாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே மத்தியானச் சாப்பாடு போடுவார்கள் என்றுதான். படிப்பு பிறகுதான் பிடித்தது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மூன்றாவது தடவையும் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன் என்று எனக்குப் பெயர். வெட்கமே பட்டதில்லை. கேட்டால் போடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் வந்து உட்கார்ந்தேன். அம்மா இலை போட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, சோற்றைக் குவித்துக்கொண்டே பேசினாள்.

“எய்யா, இப்பம்தான் ஒன் ஒடம்புல ஒரு தெளிச்சி இருக்கு. போவும்போது குச்சி கணக்கா போன புள்ள.”

“ஆபீசர் கணக்கால்லா இருக்கான்” என்றார் அப்பா.

“எம்மா, எனக்குச் சோறு வேண்டாம்.”

“பசிக்கலியா?”

“பசிக்குது. சோறு மட்டும் வேண்டாம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “சக்கரையா?”

“இல்லம்மா.”

“பின்ன? சோறு வேண்டாம்னு ஒண்ணு சீக்காளி சொல்லுவான், இல்ல சண்ட போட்டவன் சொல்லுவான். நீ எதுல சேத்தி?”

எனக்கு வேலை ஆட்டம் கண்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன், முதன்முதலாக விமானம் ஏறியவன், சோறு தின்று வேலையைத் தொலைத்தான் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நாளைக்கு இப்படித்தான்ம்மா என்று மழுப்பிவிட்டு, கோழித்துண்டை மட்டும் தின்று எழுந்தேன். குவித்த சோறு இலையில் அப்படியே இருந்தது. அன்றைக்கு அம்மா சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் அவள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவிடம் பேசுவது கேட்டது.

“எம்புள்ள விரதம்லா இருக்கான். திருமல முருகனுக்கு நேந்திருக்கான். சோறு தொட மாட்டுக்கான்.”

“ஆத்தாடி! வெளிநாட்டுக்குப் போயும் பக்தி கொறையலியே. எதுக்கு நேந்தானாம், பொண்ணு கெடைக்கவா?”

“பொண்ணு ஆயிரம் வரும். நீ கொடத்த எடு மொதல்ல.”

சக்கரை என்று ஊர் பேசிவிட்டால் எனக்குப் பெண் கிடைக்காது என்பது அம்மாவின் பயம். விரதம் என்று சொல்லி அந்த வாயை அடைத்தாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அங்கேதான் நான் ஏமாந்தேன். எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் சோறு கூடாது, ஆனால் பலகாரம் சாப்பிடலாம். அம்மா காலையில் இட்லி அவித்தாள். மத்தியானம் இடியாப்பம், சாயங்காலம் கொழுக்கட்டை, இரவு தோசை. அரிசியை ஊறவைத்து அரைத்துவிட்டால் அது அரிசி இல்லாமல் போய்விடும் என்பது எங்கள் வீட்டு வேதியியல். மின்சாரமும் இயந்திரமும் படித்த நானும் அதை நம்பினேன் என்பதுதான் கேவலம். மாவுச்சத்து என்று மருத்துவர் சொன்ன சொல் என் தலைக்குள் வரும்போதே சோறு என்று மாறிவிட்டது. எட்டு இட்லி தின்றவனைப் பார்த்து அம்மா, “சாப்புடாமலே கெடக்கானே எம்புள்ள” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டினி கிடக்கிறோம் என்ற பெருமையில் நானும் ஒன்பதாவதை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் மாரியப்பன் பைக்கோடு வந்து நின்றான். சுரண்டையில் என்னோடு காத்தாடி ஏறியவன், இன்னும் ஏறுகிறவன். குற்றாலத்துக்குப் போனோம். மெயின் அருவியில் நல்ல கூட்டம். ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றத் தயங்கி நின்றேன்.

“கழத்துலே. ஒன்னய யாரு பாக்கப் போறா” என்றவன், கழற்றியதும் வாயைப் பிளந்தான். “ஏலே இசக்கி! நீ உள்ள போனா மத்தவனுக்குத் தண்ணி விழாதுலே. போலீஸ்காரன் ஒன்னயத்தான் பாக்குதான், தனி டிக்கெட் போடலாமான்னு.”

சிரித்தேன். குளித்துவிட்டு மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்றோம். பழம் உடம்புக்கு நல்லதுதானே. பிறகு புரோட்டாக் கடைக்குப் போனபோது அவன் கேட்டான், “விரதக்காரன் கோழி திம்பியா?”

“விரதம்லாம் இல்லலே” என்று, ஊரில் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். எடைமேடை, கையெழுத்து விழாத அட்டை, கிடங்கு எல்லாவற்றையும். அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. காத்தாடிக்காரனுக்கு ஏணி போனால் என்ன போகும் என்று அவனுக்குத் தெரியும்.

“சரி, புரோட்டா சோறா?”

“இல்ல.”

“பின்ன என்ன யோசிக்க? தின்னு.”

அவன் கேலிக்குத்தான் சொன்னான். நான் தின்றேன், சால்னா ஊற்றி, மனநிறைவோடு.

தென்காசி திரும்பும் வழியில் ஒரு மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்து பைக்கை நிறுத்தச் சொன்னேன். ஊருக்கு வந்தபோது இருந்ததைவிட அதிகம் காட்டியது. இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். பர்ஸையும் போனையும் மாரியிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “மெஷின்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றார். மாரி அப்போது கேலி பேசவில்லை. அதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. எனக்குக் கிடைத்திருந்த நாட்களில் பாதியை இட்லியிலும் புரோட்டாவிலும் கரைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வெறி பிடித்தது. அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் எதுவும் கிடையாது. தெருவுக்குத் தெரியாமல் முட்டையும் கோழியும், பிறகு வெள்ளரிக்காய், மோர் அவ்வளவுதான். முதல் சில நாட்களில் எடை மளமளவென்று இறங்கியது. மெஷின்மேல் நின்று நானே சிரித்துக்கொண்டேன். கூடவே தலைவலி வந்தது. யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. அம்மா உலையில் அரிசி போடுகிற வாசனைக்குப் பயந்து தெருவில் போய் நின்றேன். என் மெலிந்த முகத்தைப் பார்த்துப் பயந்த அம்மா, ஊருக்குச் சொன்ன விரதத்தை முடித்துவிடுவோம் என்று என்னைப் பண்பொழி திருமலைக் கோவிலுக்கு இழுத்துப்போனாள். ஏணி ஏறுகிறவனுக்கு மலைப்படி எம்மாத்திரம் என்று வேகமாக ஏறினேன். பாதிக்கு மேல் போயிருப்பேன். கீழே தெரிந்த குளமும் வயலும் ஒன்றாகக் கலங்கின. படியிலேயே உட்கார்ந்து, பிறகு சாய்ந்தேன். கண் விழித்தபோது அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, அர்ச்சனைக்குக் கொண்டுவந்த வாழைப்பழத்தை உரித்து என் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“சாமிக்குள்ளது, எம்மா.”

“சாமி கெடக்காரு. நீ தின்னு.”

அங்கே வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன். விரதமும் இல்லை, சக்கரையும் இல்லை. எடை குறையாவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள், ஏறாவிட்டால் அந்த ஊரில் இருக்க விடமாட்டார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“சோத்துக்காவத்தான் ஒன்னயப் பள்ளிக்கூடத்துல விட்டோம்” என்றாள் கடைசியில். “படிச்ச பொறவு சோறு கூடாதுன்னா, என்ன படிப்புய்யா அது?”

மிச்சப் பழத்தையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் தென்காசியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. என் மெனுவைக் கேட்டுவிட்டு அம்மாவிடம், “இவர் சோறு சாப்பிடலாம்மா” என்றார். அம்மா ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தாள். “ஆனா கைப்பிடியளவு. காயும் பயறும் முட்டையும் நிறைய. இட்லிக்கும் அதே கணக்குதான்.”

“இட்லி பலகாரம்லா டாக்டர்?”

“வயித்துக்குத் தெரியாதேம்மா.”

என்னிடம் பொறுமையாகச் சொன்னார். மாவுச்சத்தை அடியோடு விட்டால் முதலில் வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகும் குறையும்தான், சிலருக்கு அது நன்றாகவே ஒத்துவரும். எல்லாவற்றையும் அளவாகச் சாப்பிட்டாலும் குறையும். எந்த வழி என்பதைவிட, எதை நம்மால் வருடக்கணக்கில் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி என்றார். “காலம் முழுக்கச் சோறு சாப்பிடாம இருந்துருவீங்களா?” என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்ப நிறுத்தாதீங்க. ஏணில ஏறுறவர் எடையக் குறைச்சிட்டு மயங்கி விழுந்தா என்ன பிரயோஜனம்?”

என்னைப் போல அயலூரில் உட்கார்ந்து, சோற்றை விடலாமா என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது அவர் சொன்னதுதான். அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். அடியோடு விடுவதில் ஒரு வீராப்பு இருக்கிறது. ஒரு கைப்பிடியோடு எழுந்திருப்பதில் எதுவுமே இல்லை. விடுமுறையின் மிச்ச நாளெல்லாம் அம்மா அவரைக்காயையும் சிறுபயறையும் இலை நிறைய வைத்து, ஓரமாக ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு, “கோழிக்குப் போடுத கணக்கா இருக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இங்கே திரும்பி வந்ததும் பழைய மருத்துவரே எடை பார்த்தார். குறைந்திருந்தது, போதவில்லை. குளிர் தொடங்குவதற்குள் இன்னொரு தடவை வாருங்கள், அதுதான் கடைசி என்றார். யென்ஸ், சோற்றை விட்டாயா என்று கேட்டான். கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன் என்றேன். கொஞ்சமாகச் சாப்பிடுவதைவிட ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பது சுலபம் என்றான். அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் ரொட்டியை விட்டபோது அவனுடைய அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு சக்கரையா என்று கேட்டிருக்க மாட்டாள்.

போன மாதம் அப்பா போன் செய்தார். அவராகப் போன் செய்கிற வழக்கமே கிடையாது.

“ஏலே, ஒங்கம்ம சோறு திங்க மாட்டுக்கா.”

“ஏன்? காய்ச்சலா?”

“நீ மேல ஏறுத வரைக்கும் சோறு தொடமாட்டேன்னு திருமல முருகனுக்கு நேந்துட்டா. நீ பிளேன் ஏறுன அன்னைக்கே. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்பம் கண்ணு உள்ள போயிட்டுலே அவளுக்கு.”

எனக்குப் பலகாரம் செய்து போட அவள் இருந்தாள். தனக்கு மட்டும் யார் இட்லி அவித்துக்கொள்வார்கள்? காலையில் கடைக் காப்பியும் இரண்டு வடையும், அதோடு சேற்றில் இறங்கி நாள் முழுக்க நடவு. போனை அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். “ஒனக்கு எதுக்கும்மா இது? ஒன் ஒடம்புல கொறைக்கதுக்கு என்ன இருக்கு?”

“கத்தாதய்யா. ஒனக்குப் பதுலா நான் விட்டுருக்கேன். பாரத்தத் தூக்கிட்டு ஏறுதவன் நீ. நீ ஒரு கை கூடத் தின்னு.”

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள். ஒவ்வொரு வாரமும் இங்கே நான் மெஷின்மேல் ஏறி நிற்கிறேன், முள் மெல்ல, மிக மெல்ல இறங்குகிறது. அங்கே மெஷினே பார்க்காத ஒருத்தி என்னைவிட வேகமாக இளைத்துக்கொண்டிருக்கிறாள். கிறக்கம் வந்து வயலிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று முந்தாநாள் மாரி சொன்னான்.

தென்காசிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டாம்.

நேற்று ஓர் உதிரிபாகத்தை வேனில் வைத்துக் கோபுரத்தடிக்குக் கொண்டுபோனேன். யென்ஸ் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே ஏறிப் போனான். நான் வெளியே நின்றேன். இங்கே காலை, ஊரில் சாப்பாட்டு நேரம். போன் போட்டேன்.

“எம்மா, கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஏறிட்டேன்.”

“ஏறிட்டானாம்!” என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. “இப்பம் மேலயா நிக்க?”

“ஆமாம்மா. நீ சோறு போட்டுக்கிடு. போன வைக்காம தின்னு. எனக்குக் கேக்கணும்.”

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தட்டில் கரண்டி தட்டுப்பட்டது. பிசைகிறாள் போல.

“எரைச்சலா கேக்கே, காத்தா?”

“காத்துதான்ம்மா.”

“கடலு தெரியுதா?”

எனக்கு முன்னால் வெள்ளை இரும்புச் சுவரும் அதன் கதவும்தான் இருந்தன. “தெரியுது” என்றேன்.

அவள் மென்றுகொண்டே ஏதோ சொன்னாள், புரியவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

“போதும்ய்யா. ரொம்ப நேரம் நிக்காத, கெறக்கம் வரும். பைய எறங்கிரு.”

“எறங்குதேன்ம்மா” என்றேன். ஈரப் புல்லில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குக் கீழே இறங்க இடமில்லை.